ஆடை கலையாகுமோ?

மாசிமகத்தன்று கீரமங்கலம் வரும் அன்பர் எவரும், அருகிலுள்ள குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட ஐயனார் திருக்கோயிலைக் காணாது திரும்புதல் அரிது. கோயிலின் முன்னே, கால் தூக்கி வானில் தாவுவது போன்று நிற்கும் குதிரைச் சிலையின் உயரம் 33 அடி என்பர். விழா நாளில் ஊர்தோறுமிருந்து வண்டி வண்டியாய் வந்திறங்கும் பல நிறக் காகிதப்பூ மாலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அதன் கழுத்தினின்று தொங்கவிடப்படும். மாலைகள் ஏற ஏறக் குதிரையின் உடல் மறைந்துபோம். சிற்பியின் வேலையை மாலை கட்டினோர் வேலை மூடிவிடுகின்றது. அதனால் சிற்பிக்குக் குறை நேர்ந்ததென்று எவரும் சொல்ல யான் கேட்டிலேன்.

இதனை ஈண்டு எடுத்துக் கூறுதற்குக் காரணமுண்டு. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பாரிஸ் மாநகரத்து லூவர் பொருட்காட்சிசாலை தன் நெடிய வரலாற்றில் முதன்முறையாக நாகரிக உடைகளுக்கென ஒரு கண்காட்சி நடத்தியது. பலென்சியாகா, ஷனேல், டியோர் முதலாக 45 உடையமைப்பாளரின் படைப்புகள், பழைய திரைச்சீலை, கவசம், தந்தப் பேழை முதலியவற்றின் பக்கலிலே நிறுத்தப்பட்டன. உடையும் கவின்கலையும் ஒரு குலத்தனவோ, வேறு குலத்தனவோ என்னும் பழைய வழக்கு மீண்டும் மன்றேறிற்று. ஒன்று மட்டும் நோக்கற்பாலது. அவ்வுடைகள் நின்றது ஓவியக் கூடங்களில் அன்று. நாற்காலியும் கடிகாரமும் பாண்டமும் உள்ள அணிகலைப் பகுதியிலேதான். விருந்தினரை வரவேற்றனர், ஆயின் திண்ணையோடு நிறுத்திவிட்டனர்!

உடை கலையன்று என்பார் கூறும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அது விலைக்காகச் செய்யப்படுவது. மற்றொன்று, அது நிலையாதது. முதலாவதற்கு விடை எளிது. கோயில் திருமேனிகளை வார்த்த கம்மியரும் கூலி பெற்றே வார்த்தனர். இரண்டாவது காரணமோ சிறிது நின்று எண்ணத்தக்கது. கல் நிற்கும், துணி நில்லாது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் இந்நாட்டு மாந்தர் உடுத்த துணியைக் கண்ணாற் காண்டல் இன்று இயலாது. அதனைக் காண விரும்புவோன் செல்லவேண்டிய இடம் சித்தன்னவாசல்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசற் குகைக்கோயிலுக்குச் செல்வோர் தாமரைப் பொய்கையையும் தூண்களிலுள்ள ஆடல் மகளிரையும் கண்டு வியந்து மீள்கின்றனர். கருவறையின் மேற்கூரையை அண்ணாந்து நோக்குவோர் சிலரே. ஆங்கே தீட்டப்பட்டிருப்பது காட்சியன்று, துணி! கரைகளும், சதுரங்களும் வட்டங்களும், வட்டங்களினுள்ளே மனித உருவங்களும் சிங்கங்களுமாக, விரித்துக் கட்டிய ஒரு விதானமே அது. கோயிலுள் நெய்த துணியை மேலே கட்டுதல் வழக்காயிருந்தமையால், அழியாத் துணியொன்றைச் சுண்ணத்தின்மேல் வண்ணத்தால் விரித்தனன் ஓவியன் என்று கொள்ளுதல் பொருந்தும். ஓவியம் துணியைப் பார்த்து எழுதப்பட்டது. அவ்வாறாயின் ஈண்டு ஆசிரியன் யார்? மாணாக்கன் யார்?

அக்கோயிலைப் புதுக்கிய மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயரை ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு நமக்குச் சொல்லுகின்றது. அவ்விதானத்துக்கு முன்மாதிரியான துணியை நெய்தவன் பெயரைச் சொல்ல ஒரு கல்லுமில்லை. என் மனத்தை உறுத்துவது இதுவே. மேனாட்டுக் கண்காட்சிகளிலும் பெரும்பாலும் நிலைமை இதுதான். உடையமைப்பாளர் பெயர் பொன்னெழுத்தில் நிற்கும். ஊசி பிடித்த கையின் பெயர் நில்லாது. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டியோர் நிறுவனம் மும்பைக் கடற்கரை வாயிலில் தன் உடைகளை அரங்கேற்றியபோது, அந்நகரத்துப் பின்னல் வேலைப்பாட்டாளரின் பங்கினை வெளிப்படக் கூறியது. அத்துணை அளவேனும் நன்று. அடுத்த நாளே திறக்கப்பெற்ற நீதா முகேஷ் அம்பானி கலைக்கூடத்தில், இந்திய உடை மேனாட்டு உடைக்கு ஈந்த கொடையைக் காட்டும் கண்காட்சியொன்றும் நடைபெற்றது. அக்கொடையிற் பெரும்பங்கு நம் சோழமண்டலக் கரையினது. இந்நாட்டு வண்ணத் துணிகளின்மீது கொண்ட மோகத்துக்கு அஞ்சிப் பிரான்சு 1686லும், இங்கிலாந்து 1721லும் அவற்றுக்குத் தடைச்சட்டமே இயற்றின. ஓவியத்துக்கு அஞ்சி எந்த அரசேனும் தன் நெசவாளரைக் காக்கச் சட்டம் செய்ததுண்டோ?

துணியைக் கலையாக்குதற்கு அதன்மேல் ஓவியத்தைப் பெயர்த்து வைத்தால் போதும் என்று கருதுவாரும் உளர். 1965இல் ஈவ் சான் லோரான் என்பார் மோந்திரியான் ஓவியத்தின் கட்டங்களை மகளிர் உடையாக்கினார். 2008இல் சென்னையில் இரவிவர்மாவின் ஓவியங்களைப் பட்டில் நெய்து, நாற்பது இலட்சம் ரூபாய் அளவில் விலை குறித்தனர். தறியின் திறத்தை யான் மறுக்கின்றிலேன். எனினும் அச்சேலையின் பெருமை இரவிவர்மாவினிடத்துக் கடன் வாங்கியது. கட்டத்தாலும் கரையாலுமே நிற்கும் கண்டாங்கி எவரிடத்தும் கடன்பட்டதன்று. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் விதானத்துக்கும் தொம்பைக்கும் கோல்கொண்டு துணியில் எழுதும் கலங்காரியரை ஓவியர் என்பதா, துணித் தொழிலாளர் என்பதா? அவரைக் கேட்டால் நகைப்பர்.

திருக்கோகர்ணத்தில் 1910ஆம் ஆண்டு தோன்றிய புதுக்கோட்டைப் பொருட்காட்சிசாலை நமக்கு அண்மையில் உள்ளது. ஆங்குள்ள செப்புத் திருமேனிகளைப் போல்வன காட்சிசாலைகளில் ஆடை புனையப்பெறாதே நிற்கின்றன; கோயிலிலோ பட்டும் மாலையுமின்றி அவை வெளிவருவதில்லை. காட்சிசாலையிற் காண்போன் சிற்பியை மட்டும் காண்கின்றான். கோயிலிற் காண்போன் உடுத்தியவன் கைத்திறத்தை மட்டும் காண்கின்றான். இரண்டையும் ஒருங்கே காட்டும் ஒரு சிறு கண்காட்சி அச்சாலையில் நடைபெறவேண்டும் என்பது என் வேண்டுகோள். சித்தன்னவாசல் விதானத்தின் படியும், அதனருகே ஒரு கலங்காரி விதானமும், ஒரு கண்டாங்கியும், குளமங்கலத்துக் காகித மாலையொன்றும் போதும். ஒவ்வொன்றன் கீழும் செய்தவர் பெயரும் ஊரும் எழுதப்படவேண்டும்.

பொருள் எங்கே கிடைக்கும் என்று வினவலாம். எம் பாட்டியார் உடுத்த நூற்கண்டாங்கியொன்று எனக்குத் தூளியாயிற்று. பின்னர் அடுக்களையிற் கரித்துணியாயிற்று. அதன்பின் அதனைக் கண்டாரில்லை. அதனை நெய்தவர் யாரென்று பாட்டியார் அறிந்திருந்தனர். நான் கேட்டிலேன். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் தத்தம் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்து, பழைய சேலை ஏதேனும் இருப்பின் அஃது எவ்வூர்த் தறியினது, எவர் நெய்தது என்று வீட்டு முதியோரைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனோடு வைத்து வருவாராக.