பையனை ஃபுட்பால் அகாடமியில் சேர்க்கலாமா? தேனி, கம்பம் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மே மாதக் கடைசியில் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடும். சம்மர் கேம்ப் முடிந்திருக்கும். "பையன்கிட்ட திறமை இருக்கு, விட்டுடாதீங்க" என்று கோச் சொல்லியிருப்பார். அப்பா மதுரையில் ஒரு அகாடமியை விசாரித்து வைத்திருப்பார். "ஏழாவது படிக்கிற பிள்ளையை வாரத்துக்கு ரெண்டு தடவை மதுரைக்கு யாரு கூட்டிட்டுப் போறது?" என்பார் அம்மா. சென்னையில் இருக்கும் மாமா, "பேசாம இங்க ஹாஸ்டல்ல போட்டுடுங்க" என்று போனில் முடித்துவிடுவார்.

ஃபீஸ், தூரம், படிப்பு ஆகிய மூன்றையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பேச்சில் வராமலே போகும் கேள்வி ஒன்று உண்டு. அங்கே சேர்ந்தால் பையன் ஒரு வருடத்தில் எத்தனை மேட்ச் ஆடுவான்? ப்ராக்டிஸ் மேட்ச் கணக்கில் வராது. ரெஃப்ரி விசில் ஊதி, ஸ்கோர் பதிவாகி, ஒரு சங்கத்தின் பெயரில் நடக்கும் மேட்ச்.

லீக்குக்கும் டோர்னமென்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

நம் பக்கம் சிறுவர்கள் ஆடுவது பெரும்பாலும் நாக்-அவுட். எட்டு டீம் வந்தால் நான்கு டீம் ஒரே மேட்ச்சோடு பஸ் ஏறிவிடும். அதே எட்டு டீமை வைத்து உள்ளூர், வெளியூர் என்று லீக் நடத்தினால், கடைசி இடத்தில் வரும் டீமுக்கும் 14 மேட்ச் கிடைக்கும். திறமை குறைந்த பிள்ளை, உயரம் தாமதமாக வரும் பிள்ளை, பதினோராவது ஆளாக டீமில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை எல்லோரும் ஆடி ஆடித் தேறுவது அங்கேதான். தோற்ற மறு வாரமே இன்னொரு மேட்ச் இருக்கிறது என்ற நினைப்பு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

அகாடமி விற்பது பயிற்சி. லீக்கில் ஆடும் வாய்ப்பு அதனுடன் சேர்ந்து வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் வருவதில்லை.

எந்தக் கதவு யார் கையில்?

முதலில் பள்ளி. பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போகும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். 1960-ல் தொடங்கிய சுப்ரதோ கோப்பையும் பள்ளி அணிகளுக்கானது. முதலமைச்சர் கோப்பையில் 12 முதல் 19 வயது வரை பள்ளிப் பிரிவு இருக்கிறது. மாநில அளவில் முதலிடம் பிடிக்கும் அணியில் ஆளுக்கு 75,000 ரூபாய். இதில் எதற்கும் அகாடமி ஜெர்சி உதவாது. பள்ளி டீம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த வகையில் பி.இ.டி. சார் யார் என்பது, அகாடமி கோச் யார் என்பதைவிடப் பெரிய விஷயம். மார்க்குக்காக விளையாட்டு பீரியடைக் கணக்கு வகுப்பாக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, மாலையில் அகாடமிக்குப் பணம் கட்டும் வீடுகள் உண்டு. ஒரு கையால் கதவைச் சாத்திக்கொண்டே இன்னொரு கையால் தட்டுவது மாதிரிதான் அது.

அடுத்தது கிளப். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் வயதுப் பிரிவு வாரியாக இளையோர் லீக் நடத்துகிறது. அதில் ஆட அகாடமிக்கு அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் நட்சத்திரக் கணக்கில் தரப்படுகிறது. "நாங்க ஸ்டார் அகாடமி" என்று போர்டு வைத்தால் போதாது. எந்த வருட அங்கீகாரம், எந்த வயதுப் பிரிவில் ஆடினார்கள், பிள்ளையின் பெயர் சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் ஏறுமா என்று மூன்றையும் கேட்க வேண்டும். பதிவு விஷயத்தில் கொஞ்சம் நிதானமும் வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு கிளப்புக்குத்தான் பதிவாக முடியும்; மாறுவதென்றால் முறைப்படி மாற்றம் வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைப் படித்துவிடுங்கள்.

சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி. ஐந்தாம் டிவிஷனில் தொடங்கி சீனியர் டிவிஷன் வரை சென்னை கால்பந்து சங்கம் லீக் நடத்துகிறது. வியாசர்பாடியில் ஆடுகிற பையனுக்கு அது டவுன் பஸ் தூரம். நமக்கு அது ஓர் இரவுப் பயணம். போடி–சென்னை ரயில் 2023 ஜூனில் வந்தது நல்லதுதான், ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. மதுரை என்றாலும் கம்பத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்தைத் தொட்டுவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறி மேட்டுக்குப் போகிற அம்மாவோ, திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிற அப்பாவோ சனிக்கிழமை சம்பளத்தை விட்டுவிட்டு மதுரை மைதானத்தின் ஓரத்தில் உட்கார முடியுமா? கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை மட்டும் ஆடுகிற ஆட்டமாக ஃபுட்பால் ஆகிவிடும் அபாயம் இங்கேதான் இருக்கிறது.

பக்கத்தில் குமுளி இருக்கிறதே, கேரளாவில் ஃபுட்பால் பிரமாதமாச்சே என்று கேட்பவர்கள் உண்டு. 2024-ல் அங்கே ஆறு அணிகளுடன் சூப்பர் லீக் கேரளா தொடங்கியது உண்மை. ஆனால் மலைக்கு மேலே இருப்பது இடுக்கி. மலப்புறம் அங்கிருந்தும் தூரம்தான்.

மிசோரமைப் பார்த்தால் தெரியும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசோரம் மாநிலத்தில் இருந்தது சுமார் 11 லட்சம் பேர். தேனி மாவட்டத்தில் சுமார் 12.5 லட்சம் பேர். ஆமாம், ஒரு மாநிலத்தைவிட நம் மாவட்டத்தில் ஆள் அதிகம்.

அந்த மிசோரத்தில் சமதளமான இடம் கிடைப்பதே கஷ்டம். மலைச்சாலை, மண்சரிவு, நீளமான மழைக்காலம். அங்கே 2012-ல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. உள்ளூர் கேபிள் சேனல் மேட்ச்சுகளை ஒளிபரப்பியது. 2014-ல் மிசோரம் சந்தோஷ் டிராபியை வென்றது. 2017-ல் ஐஸ்வால் எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது; வடகிழக்கிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் கிளப் அது. சென்னையின் எஃப்.சி.க்கு கோல் அடித்துக் கொடுத்த ஜெஜெ லால்பெக்லுவாவை நம் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் அந்த மண்ணின் பிள்ளை.

இதெல்லாம் ஒரே லீக்கால் நடந்த மாயம் என்று சொல்ல வரவில்லை. தெருவுக்கொரு டீம், ஊருக்கொரு கிளப் என்ற பழக்கம் அங்கே அதற்கு முன்பிருந்தே இருந்தது. ஆனால் பழக்கத்துக்கு ஒரு அட்டவணை கிடைத்தபோது என்ன ஆனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பெரியகுளத்தில் 60 ஆண்டுகளுக்கு மேலாக அகில இந்திய கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. ராணுவம், வங்கி, ரயில்வே அணிகள் எல்லாம் அந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆடிவிட்டுப் போகின்றன. நடத்துவது ஓர் உள்ளூர் விளையாட்டுக் கழகம். மே மாத ராத்திரியில் கேலரியில் உட்கார்ந்து நிலக்கடலை கொறித்தபடி ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே மூன்று தலைமுறை. கூடைப்பந்துக்கு முடிந்தது ஃபுட்பாலுக்கு முடியாதா?

அப்படியானால் ஹாஸ்டல்?

சில பிள்ளைகளுக்கு ஊரை விட்டுப் போவதுதான் வழி. அதை மறைத்துப் பேசக் கூடாது. காரைக்குடி பக்கத்துக் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் ராமன் விஜயன் சாக்கர் ஸ்கூலில் வளர்ந்து பெங்களூரு எஃப்.சி.க்குப் போனார், 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் கோல் அடித்தார். இன்னொரு பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ். மீனவக் கிராமங்களின் கடற்கரை மணலில் ஆடத் தொடங்கி இந்திய அணி வரை போனவர். அந்தக் கடலோரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மோதிக்கொள்ளும் ஆட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை.

அனுப்புவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்பவர்களுக்குத் தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அறிவிப்பு கோடையில் வரும். தேனி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். தனியாரில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் மாதிரி முழு உதவித்தொகை தரும் இடங்கள் உண்டு. என்னைக் கேட்டால், லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டும் உறைவிட அகாடமியைவிட இலவசத் தேர்வில் ஒருமுறை தோற்பது மேல். குறைந்தபட்சம் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும்.

தொழில்முறை ஆட்டத்தை மட்டும் நம்பி இறங்குவதும் ஆபத்து. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமே பெங்களூரு எஃப்.சி. வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது படிப்பும் சான்றிதழும்தான். தமிழ்நாடு அரசு வேலையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்றிதழ் வேண்டும். 'நேஷனல்', 'இன்டர்நேஷனல்' என்று பெயர் வைத்து கோவாவுக்கும் நேபாளத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் போட்டிகள் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. பணம் கட்டும் முன், எந்தச் சங்கத்தின் சான்றிதழ் என்று கேளுங்கள். மெடல் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லும் கோச் கிடைத்தால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் டி.டபிள்யூ.3 சோதனை இப்போது வழக்கமாகிவிட்டது. மாட்டினால் தடை பிள்ளைக்குத்தான்.

பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு செய்தி. ஃபுட்பாலில் தமிழ்நாட்டின் பெரிய வெற்றிகளைச் சமீபத்தில் கொண்டுவந்தவர்கள் பெண்கள்தான். 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் மகளிர் சாம்பியன். 2019-ல் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் சாம்பியன். இந்தியாவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். ஆண்களைவிடப் போட்டி குறைவு, வாய்ப்பு அருகில். ஆனால் பள்ளியில் பெண்கள் டீம் இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்?

இந்த ஜூனில் என்ன செய்யலாம்?

ஒரு லீக் தொடங்க ஸ்டேடியம் தேவையில்லை. சிறுவர்களுக்காக 2018-ல் சம்மேளனம் கொண்டுவந்த கோல்டன் பேபி லீக் திட்டமே பள்ளியோ, கிளப்போ, ஊர்க்காரர்களோ நடத்தலாம் என்ற எண்ணத்தில் உருவானதுதான். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, போடி என்று ஆறு ஊர்ப் பள்ளிகள் ஒத்துக்கொண்டால், ஒவ்வொரு டீமுக்கும் வருடத்துக்குப் பத்து மேட்ச். சனிக்கிழமை காலை பஸ், மதியச் சாப்பாட்டுக்கு வீடு. மாவட்டச் சங்கத்திடம் ரெஃப்ரியும் முறையான அனுமதியும் கேட்க வேண்டும். மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மைதானத்துக்கு ஒரு மனு. தனி ஆளாகக் கேட்டால் ஃபைலில் தூங்கும். ஆறு பள்ளிப் பெற்றோர் கையெழுத்தோடு போனால் எடுத்துப் பார்ப்பார்கள்.

அதனால் பள்ளி திறந்ததும் பி.இ.டி. சாரைப் பார்த்து, போன வருடம் டீம் எத்தனை மேட்ச் ஆடியது என்று கேளுங்கள். வரும்போது பக்கத்து ஊர்ப் பள்ளி பி.இ.டி. சாரின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.