காப்பி அடித்த பாட்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று ஓடிவிடாதீர்கள்.

போன வாரம் என் மகள் வயிற்றுப் பேரன் தன் கல்லூரி நண்பர்களோடு வாசித்த ஒரு பாட்டை இங்கே பகிர்ந்திருந்தேன். நிறையப் பேர் லைக் போட்டீர்கள். பாதிப் பேர் கேட்காமலே போட்டிருப்பீர்கள், அது எனக்குத் தெரியாதா என்ன. அத்தான் மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "பையன் டிரம்ஸ் நல்லாத்தான் அடிக்கிறான். ஆனா அடுத்தவன் பாட்டை எதுக்குக் காப்பி அடிக்கணும்? சொந்தமா ஒண்ணு போடக் கூடாதா?" அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் ஆமாம் சாமி போட்டிருக்கிறீர்கள். அதில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள்!

காப்பி அடித்த பிள்ளைகளைப் பிடித்து முப்பது வருஷத்துக்கு மேல் பெஞ்சு மேல் ஏற்றியவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன் அத்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். இது காப்பி இல்லை. எது காப்பி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது என்னைப் பற்றியது.

முதலில் பாட்டுக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியாக்காரர். 1941இல் பிறந்தவர், பெயர் டான் வான் விலீட். ஊருக்குத் தெரிந்த பெயர் கேப்டன் பீஃப்ஹார்ட். அவருடைய குழுவுக்கு மேஜிக் பேண்ட் என்று பெயர். 1969இல் 'டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா' என்று இரட்டை இசைத்தட்டு போட்டார்கள், மொத்தம் 28 உருப்படிகள். தயாரித்தவர் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ஃபிராங்க் ஜாப்பா.

பேரன் லீவுக்கு வந்தபோது இதைப் போட்டான். அடுப்படியில் இருந்த எனக்குத் தலைவலி வந்தது. இரண்டு கிட்டார் இரண்டு திசையில் போகிறது, டிரம்ஸ் மூன்றாவது திசையில், பாடுகிறவர் யாரையும் சட்டை செய்யாமல் கத்துகிறார். பிறகு யோசித்தால், இந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்டிருக்கிறேன்! ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம்தான். ஒரு மூலையில் ஏழாம் வாய்ப்பாடு, இன்னொரு மூலையில் ஆத்திசூடி, நடுவில் ஒன்றாம் வகுப்பு அழுகை. வெளியாளுக்கு அது இரைச்சல். எனக்கு எந்த வரியை எந்தப் பிள்ளை தப்பாகச் சொல்கிறது என்றுகூடத் தெரியும். இந்தத் தட்டும் அப்படித்தான். அவரவர் பாடம் அவரவருக்கு, எங்கே சேர வேண்டுமோ அங்கே கச்சிதமாகச் சேர்கிறார்கள்.

அந்தப் பாடம் எப்படித் தயாரானது என்பதுதான் விஷயம். வான் விலீட்டுக்கு பியானோ வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை பியானோவில் தட்டித்தட்டித்தான் உண்டாக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு ஸ்வரமாக எழுதியது டிரம்ஸ் வாசித்த ஜான் பிரெஞ்ச் என்ற இருபது வயதுப் பையன். நம் பாஷையில் சொன்னால், சொல்வதை எழுதுதல். சொல்கிறவருக்கே தான் சொன்னது திரும்ப வராது. எழுதினவன் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, இது உனக்கு, இது உனக்கு என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஏறக்குறைய எட்டு மாதம் அடைந்து கிடந்து பயிற்சி. கையில் காசில்லை. ஒரு நாளைக்கு ஒரு கப் சோயா மட்டும் சாப்பிட்டுக் கிடந்த காலமும் உண்டு என்று பிரெஞ்சே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுச் சாமான் திருடி மாட்டிக்கொண்டு, ஜாப்பா பணம் கட்டி வெளியே எடுத்த கதையும் இருக்கிறது. இத்தனை பயிற்சிக்குப் பிறகு ஸ்டுடியோவுக்குப் போனவர்கள், இருபது உருப்படிக்கு வாத்தியப் பகுதியை ஒரே மூச்சில், ஆறு மணி நேரத்துக்குள் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். நம் தலைவரோ, எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்தில் தானே போட்டேன் என்று பிற்பாடு பேட்டி கொடுத்தார்.

தட்டு வெளிவருவதற்குள் பிரெஞ்சைக் குழுவிலிருந்து விரட்டியாயிற்று. அட்டையில் அவர் பெயரே இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் என்றுகூட இல்லை! அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதன் 2010ஆம் ஆண்டு வரிசையில் இந்தத் தட்டும் இடம்பிடித்தது. அப்பேர்ப்பட்ட தட்டு.

இனி கவர் பாட்டுகளுக்கு வருகிறேன். இந்த மனுஷருடைய பாட்டை மற்றவர்கள் பாடுவது லேசான காரியம் இல்லை. ஆனாலும் பாடியிருக்கிறார்கள். 1988இல் இங்கிலாந்தில் பல குழுக்கள் சேர்ந்து இவர் பாட்டுகளையே ஒரு தட்டாகப் போட்டார்கள். அதில் எக்ஸ்டிசி என்ற குழு 'எல்லா குரு'வை எடுத்து, புள்ளி கமா மாறாமல் அப்படியே செய்திருக்கிறது. (எல்லா குரு! தமிழ் டீச்சர் ஒருத்திக்கு இந்தப் பாட்டைப் பிடிக்காமல் போகுமா? அங்கே எல்லா என்பது பெண் பெயராம். இருக்கட்டும்.) பேரன் குழு வாசித்ததும் இதுதான். நாலு கோடு நோட்டில் மேல் வரியைப் பார்த்துக் கீழே எழுதச் சொல்வோமே, அந்த வேலை. பார்த்து எழுதுவது மட்டம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். பேரன் இரண்டரை நிமிஷப் பாட்டுக்கு ஒரு மாதம் தலையணையில் தட்டிக்கொண்டிருந்தான். கை வலிக்கிறது அம்மாச்சி என்று தைலம் கேட்டான்.

இரண்டாவது வகை, சொந்த நடையில் எழுதுக. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்று இரண்டே பேர் கொண்ட குழு, ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ். 2000இல் இவருடைய மூன்று பாட்டுகளை ஒரு சின்னத் தட்டில் போட்டார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து நெய்ததை இரண்டு பேர் எப்படி வாசிப்பது? ஊடும் பாவும் எல்லாவற்றையும் உருவிவிட்டு, அடியில் இருந்த பழைய புளூஸை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இவ்வளவு களேபரத்துக்கும் அடியில் ஒரு நாட்டுப்பாட்டு இருந்திருக்கிறது என்று. மூலத்தைப் பத்து தடவை கேட்டும் விளங்காதது, இவர்கள் வாசித்ததை ஒரு தடவை கேட்டதும் விளங்கியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜோன் ஆஸ்போர்ன் பாடியதுதான். 1972இல் வந்த 'கிளியர் ஸ்பாட்' தட்டில் அவளுடைய கண்களைப் பற்றி ஒரு மெதுவான காதல் பாட்டு உண்டு. அந்த அம்மாள் 'அவள்' என்பதை 'அவன்' ஆக்கிப் பாடுகிறார். மாற்றியது அந்த ஒரு எழுத்து அளவுதான், ஆனால் முரட்டு ஆள் என்று நாம் ஒதுக்கி வைத்தவருக்குள் இருந்த மென்மை வெளியே வந்துவிடுகிறது. தலைவலி தட்டு வேண்டாம், இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அத்தான், இதில் யார் திருடினார்கள்? எல்லாரும் இது பீஃப்ஹார்ட் பாட்டு என்று சொல்லித்தான் பாடினார்கள்.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1982இல் வான் விலீட் பாட்டை விட்டுவிட்டு ஓவியம் வரையப் போய்விட்டார். 2003இல் பழைய மேஜிக் பேண்ட் ஆட்கள் மறுபடி கூடினார்கள். முன்னால் நின்று பாடியது யார் தெரியுமா? ஜான் பிரெஞ்ச்தான். ஊர் கணக்கில் அதுவும் கவர் கச்சேரிதான், கேப்டன் இல்லாத கேப்டன் பாட்டு. தன் கையால் எழுதி, தன் வாயால் சொல்லிக்கொடுத்த பாட்டை, அடுத்தவர் பாட்டு மாதிரி பாடவேண்டிய நிலைமை. பாட்டு வான் விலீட்டுடையதுதான், நான் மறுக்கவில்லை. அந்த மூளை இல்லாமல் அந்த மாதிரி ஒன்று பிறந்திருக்காது. ஆனால் பிரெஞ்ச் இல்லாவிட்டால் அது ஒரு வாடகை வீட்டு பியானோச் சத்தமாகவே போயிருக்கும். வான் விலீட் 2010 டிசம்பரில் இறந்தார். பிரெஞ்ச் தன் பக்கத்தைத் தடித்த புத்தகமாக எழுதினதும் அதே வருஷம்தான்.

இதைப் பேரன் சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

1996 ஆண்டு விழா ஞாபகம் இருக்கிறதா பிள்ளைகளே? மரம் நடுவதைப் பற்றி எட்டாம் வகுப்புப் பெண்கள் பாடிய பாட்டு, ஏ.இ.ஓ. ஐயா எழுந்து நின்று கை தட்டினாரே, அது. வார்த்தை என்னுடையது. மெட்டு என்னுடையது இல்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் வகுப்பில் உட்கார்ந்து டெஸ்க்கில் தட்டிக்கொண்டிருந்த ஒரு பையனுடையது. டீச்சர், இப்படிப் பாடினா நல்லா இருக்கும் என்று பாடிக் காட்டினான். எடுத்துக்கொண்டேன். அழைப்பிதழில் 'பாடல், இசை' என்று போட்டு என் பெயரை அச்சடித்தார்கள். ப்ரூஃப் என் கைக்குத்தான் வந்தது. ஒரு எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தேன், இதைத் திருத்தவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் பேரைப் போட்டால் யார் நம்புவார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அவன் மேடைக்குப் பக்கத்தில் திரைச்சீலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் இன்னும் அந்த மொமெண்டோ இருக்கிறது.

பேரனுடைய வீடியோவுக்குக் கீழே இப்போது கேப்டன் பீஃப்ஹார்ட் பேரோடு ஜான் பிரெஞ்ச் பேரும் இருக்கிறது, பாருங்கள். நான் சொல்லித்தான் சேர்த்தான்.

தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாய். பொங்கலுக்கு எனக்கு வாழ்த்து அனுப்பினாய். உன்னைக் கேட்காமல் உன் பேரை இங்கே போட மனசு வரவில்லை, சரி என்றால் ஒரு வார்த்தை சொல். இன்னொன்று, அந்த மெட்டு எனக்குப் பல்லவி வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது. சரணத்தை ஒரு தடவை பாடி அனுப்புடா. பேரன் வாசித்துப் பார்க்க வேண்டுமாம்.