ஆட மட்டும் கூப்பிடுகிற பாட்டு

தமிழ் சினிமாப் பாட்டு மக்கள் மொழியில் எழுதப்படுகிறது என்று பெருமைப்படுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எந்த மக்களுங்க? மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது. 1968-இலேயே ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா அதில் பாடிவிட்டார். கானா வந்தது, மதுரைப் பேச்சு வந்தது, எங்க கொங்குத் தமிழும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. திருநங்கைகளும் கோத்திகளும் தங்களுக்குள் பேசுகிற பேச்சு மட்டும் நான் கேட்டு வளர்ந்த பாட்டுகளில் இல்லை. ஆட அவர்கள் வேண்டும். சொல்லை வேறு யாரோ எழுதுவார்கள்.

பிலிப்பைன்ஸில் கதை வேறு. அங்கே தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் பார்லர்களில் அரட்டை அடித்தே வளர்த்த ஒரு பேச்சு உண்டு. தகாலோக்கில் பசிக்கு ‘குத்தோம்’ என்பார்கள். அந்தச் சொல்லின் வாலைப் பிடித்து, பசித்தால் ‘டாம் ஜோன்ஸ்’ என்றார்கள்! ‘போங்கா’ என்றால் அமர்க்களம். ஹாட்டாக் என்ற இசைக்குழு அந்தச் சொல்லை வைத்தே ஒரு பாட்டைப் பாடியது. இன்று பாட்டிமார்கூட அதைச் சொல்கிறார்கள்.

நம்மிடமும் சரக்கு உண்டு. பெண்மையோடு நடந்துகொள்பவர் கோத்தி. அவர் விரும்பும் ஆண் பந்தி. பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் பாம்படுத்தி. 2022-இல் தமிழ்நாடு அரசு கௌரவமான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் அரசிதழ்ச் சொல்லை வைத்து யாரும் கேலி பேச முடியாது, கொஞ்ச முடியாது. பாட்டுக்கு அந்த இரண்டும்தானே வேண்டும்?

2007-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ புத்தகமாக வந்தது. ‘பருத்திவீர’னில் திருநங்கைகள் ஆடும் ‘ஊரோரம் புளியமரம்’ வந்தது. எங்கள் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தது பாட்டு மட்டும்தான். நான் மெஸ்ஸுக்குள் நுழைந்தால் யாராவது ஆரம்பிப்பான், மொத்த மேசையும் தாளம் போடும். நான் திருநங்கை அல்ல, ஆண்களை விரும்புகிற ஆண். அந்த வித்தியாசமெல்லாம் தாளத்துக்குத் தெரியுமா? நாலு வருஷம் கேட்டேன். அந்தப் பாட்டுக்குத் திருப்பிப் பாட எனக்கு ஒரு பாட்டு இல்லை என்பதுதான் என் வழக்கு.

“அது ரகசிய மொழிப்பா, போலீஸிடமும் ரௌடியிடமும் தப்பிக்க உண்டானது, பாட்டில் போட்டால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான பயம். எதை மூடி வைப்பது, எதை மைக்கில் சொல்வது என்பதை அந்தப் பேச்சுக்காரரே முடிவு செய்யட்டும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த ஏ. ரேவதி ‘வெள்ளை மொழி’யில் அதைச் செய்து காட்டினார். உரைநடைக்கு வந்தாயிற்று. பாடலாசிரியர் நாற்காலி மட்டும் ஏன் எட்டாத உயரத்தில் இருக்கிறது? சொல்லை மட்டும் சுட்டுக்கொண்டு போய் இன்னொரு குத்துப்பாட்டு போடாதீங்க. எழுதக் கூப்பிடுங்க, சம்பளம் கொடுங்க, டைட்டிலில் பேர் போடுங்க.

எங்க கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் ‘பக்த நந்தனா’ரில் ஆண் வேஷம் கட்டிப் பாடினார். சம்பளம் ஒரு லட்சம். உடம்பு ஒன்று, வேஷம் இன்னொன்று. ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. கேட்கத் தெரியாத ஊர் இல்லைங்க இது. பாட விடுங்க.