தூக்கத்தில் வெட்டினால் வலிப்பா?

பிறந்து 20 நாளான குழந்தை தூக்கத்தில் கையையும் காலையும் வெட்டி வெட்டி இழுக்கிறது. ‘வலிப்புடி!’ என்கிறார் பாட்டி. அன்றைக்கே இடுப்பில் தாயத்து, நாக்கில் வசம்பு. சில ஊர்களில் வயிற்றில் சூடுகூடப் போடுகிறார்கள். பாவம், அந்தப் பிஞ்சு என்ன செய்தது?

தாய்மார்களே, வெட்டும்போது குழந்தையை மெல்ல எழுப்பிப் பாருங்கள். கண் விழித்ததும் நின்றுவிட்டால், விழித்திருக்கும்போது ஒருமுறைகூட வராவிட்டால், அது பெரும்பாலும் வெறும் தூக்கத் துள்ளல்தான். டாக்டரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொண்டால் போதும். அநேகமாக 6 மாதத்துக்குள் தானாகப் போய்விடும். மருந்தே வேண்டாம். கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அதனாலேயே அதிகமாகும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் விஷயம் வேறு. பொம்மையைப் பிடுங்கினால் வீறிட்டு அழும். மூச்சு நின்று உதடு நீலமாகும். துவண்டு விழுந்து ஒன்றிரண்டு தடவை வெட்டவும் செய்யும். பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் அழுகை, அப்புறம் நீலம், கடைசியில்தான் வெட்டு. வலிப்பு அழுகைக்காகக் காத்திருக்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தெளிந்துவிடும். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம். இரும்பு கையில் அல்ல, ரத்தத்தில் வேண்டும்! இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ரத்தசோகை இருக்கும். பரிசோதித்து இரும்புச்சத்து கொடுத்தால் இது குறைகிறது.

எங்கள் ஆட்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. பால வாகடத்தில் மாந்தத்துக்கு எத்தனையோ வகை சொல்லியிருக்கிறது. அதற்காகத் துள்ளுகிற குழந்தைக்கெல்லாம் ‘மாந்த வலிப்பு’ என்று பெயர் வைத்து பற்பமும் செந்தூரமும் கொடுப்பதா? அந்தப் பக்கத்திலும், நடந்ததை முழுசாகக் கேட்காமல், மூளை வரைபடத் தாளை மட்டும் பார்த்து வருஷக்கணக்கில் மாத்திரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வலிப்பு என்று பெயர் ஒட்டிவிட்டால் பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாட விடமாட்டார்கள். பெண் குழந்தை என்றால் கல்யாணம் வரைக்கும் அந்தப் பேச்சு வரும்.

இப்போதுதான் வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறதே! அடுத்த முறை வரும்போது முகமும் கைகால்களும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். நீங்கள் நடித்துக் காட்டுவதைவிட டாக்டருக்கு அது எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை. 3 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து கைகள் விரிந்து, விட்டு விட்டு வரிசையாகக் குலுங்கினால், சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பை மறந்தால், ‘சும்மா திடுக்கிடுது’ என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் ஓடுங்கள். காய்ச்சலோடு வெட்டினாலும், பால் குடிக்காமல் சோர்ந்தாலும் தாமதம் கூடாது. ஏற்கெனவே வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற குழந்தைக்கு, இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். என்னிடம் வந்து கேட்டாலும் நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள் என்றுதான் அனுப்புவேன்.