அண்ணாமலை நகருக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம்மிடம் வரும் கேள்விகளுள் ஒன்று ஆண்டுதோறும் மாறுவதே இல்லை. "ஐயா, அண்ணாமலையில் சேரலாமா?" கேட்கும் பிள்ளையின் குரலில் பாதி விருப்பமும் பாதி அச்சமும் இருக்கும். அச்சத்துக்குக் காரணம் உண்டு. அண்ணாமலை என்றதும் அஞ்சல்வழிப் பட்டத்தையே நினைக்கும் தலைமுறை, அவர்களுடைய பெற்றோர் தலைமுறை. உண்மையில் அந்த ஒரு பெயருக்குள் இரண்டு பல்கலைக்கழகங்கள் இருந்துவந்துள்ளன. ஒன்று, சிதம்பரத்தில் தங்கிப் பயிலும் வளாகம். மற்றொன்று, வீட்டிலிருந்தே பெறும் பட்டம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் முன்னதன் அருமை பலருக்குத் தெரியாமலே போகிறது.

1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929இல் எழுந்தது இப்பல்கலைக்கழகம். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் சென்னைக்கு அடுத்த இரண்டாவது பல்கலைக்கழகம் இதுவே. தமிழுக்கென இங்கே அமர்ந்த முதற்பேராசிரியர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். பண்டை யாழை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர் அவரே. அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி கதிரேசச் செட்டியார், தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் என நீளும் வரிசையைச் சொன்னால் இன்றைய மாணவர் சிலர் பாடப்புத்தகப் பெயர்கள் என்று கடந்துவிடுகின்றனர். அவர்கள் உலவிய வளாகத்திலேயே தாமும் உட்கார்ந்து படிக்கலாம் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. பிற்காலத்தில் அரசியலில் பெயர் பெற்ற நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே தமிழ் பயின்றவர்களே. 1965 சனவரி 27ஆம் நாள் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான இராசேந்திரன் இப்பல்கலைக்கழக மாணவர்.

பழம்பெருமை மட்டும் பேசி ஒரு பிள்ளையை அனுப்பிவிடலாகாது. தமிழ் படிக்க விரும்புவோர்க்கு இவ்வளாகத்தை நாம் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. தமிழ்த்துறை, மொழியியல், இசை ஆகிய மூன்றும் இங்கே நடந்து போகும் தொலைவில் உள்ளன. ச.அகத்தியலிங்கம் போன்றோர் வளர்த்த மொழியியல் துறை, இந்திய அளவில் பேசப்பட்ட துறை. இசைக்கல்லூரியோ டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் கற்பித்த இடம். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை ஒலியியல் அறியாமல் மனப்பாடம் செய்வதும், சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பண் என்றால் என்னவென்றே கேளாமல் தேர்வுக்கு எழுதுவதும் நம் கல்லூரிகளில் அன்றாட நிகழ்ச்சிகள்; நம் வகுப்புகளும் இதற்கு விலக்கல்ல. ஐயம் வந்தால் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்க் கேட்கலாம் என்ற வாய்ப்பு மிகச் சில வளாகங்களிலேயே உண்டு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் மதிப்பெண் பட்டியலோடு திரும்புகிறவருக்கு ஊர்க்கல்லூரியே போதும், விடுதிச் செலவாவது மிஞ்சும்.

தமிழுக்கு அப்பாலும் சிறந்த துறைகள் உண்டு. வெள்ளாற்றுக் கழிமுகத்தில் பரங்கிப்பேட்டையில் உள்ள கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தை அறிவியல் மாணவர் விசாரித்துப் பார்க்க வேண்டும். பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகள் அதற்கு அருகிலேயே உள்ளன. மருத்துவம் நாடுவோர் ஒன்றை அறிக: இங்கிருந்த மருத்துவக் கல்லூரி 2021இல் சுகாதாரத் துறையின்கீழ்ச் சென்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது.

இனி, மறைக்கக் கூடாதவை. நிதி நெருக்கடியால்தான் 2013இல் அரசு இப்பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தேவைக்கு மிஞ்சி நியமிக்கப்பெற்றிருந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் பெருந்தொகையினராகப் பிற அரசு நிறுவனங்களுக்குப் பணிநிரவல் செய்யப்பட்டனர். அவர்களுட் பலர் நல்லாசிரியர்கள். வேலைக்கு வந்த வழியைக் கொண்டு அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. மாணவர் கேட்க வேண்டிய கேள்வி எளியது: நான் சேரும் துறையில் இன்று ஆசிரியர் எத்தனை பேர், என் விருப்பப் பாடத்தைக் கற்பிப்பவர் யார்? விளம்பரத் தாளில் இதற்கு விடை இராது. வகுப்பு நடக்கும் நாளொன்றில் நேரில் போய் மூத்த மாணவரிடம் கேட்பதே வழி.

தொலைநிலைக் கல்வியைப் பற்றிக் கூடுதலாகவே எச்சரிக்கிறோம். 2014-15க்குப் பின் இங்கு நடந்த தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் ஒப்புதல் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளிப்படையாக அறிவித்தது. பணம் கட்டி, வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் படித்துத் தேறியவர்கள் என்ன பிழை செய்தார்கள்? ஒரு பட்டத்தை நம்பி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் குடும்பப் பெண்ணுக்கு அந்த அறிவிப்பின் பொருள் என்ன என்பதை அலுவலகங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே, எந்தப் பல்கலைக்கழகமாயினும், தொலைநிலையில் சேருமுன் அந்த ஆண்டுக்கு, அந்தப் பாடத்துக்கு, ஒப்புதல் உள்ளதா என்று மானியக் குழுவின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். இடைத்தரகர் நடத்தும் பயிற்சி மையத்தின் வாய்மொழி போதாது.

நேரில் போக நினைப்போர்க்கு: நடராசர் கோயில் தண்டவாளத்துக்கு மேற்கே, பல்கலைக்கழகம் கிழக்கே. சிதம்பரம் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். துறை அலுவலகத்துக்கு முன்பு நூலகத்துக்குள் நுழைந்து பாருங்கள்.