சங்கர் செய்த குற்றம் என்ன?

இந்தியச் சட்டப்படி ஒரு கைதிக்கு கோர்ட் விதிக்கக்கூடிய தனிமைச் சிறை, எல்லாம் சேர்த்து அதிகபட்சம் மூன்று மாதம். 1860-ல் வெள்ளைக்காரன் போட்ட வரம்பு. இன்றைய புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

டெல்லி மிருகக்காட்சி சாலையில் சங்கர் அனுபவித்ததோ பதிமூன்று வருஷம்!

சங்கர் ஓர் ஆப்பிரிக்க யானை. 1998-ல் ஜிம்பாப்வேயிலிருந்து முன்னாள் ஜனாதிபதி சங்கர் தயாள் சர்மாவுக்குப் பரிசாக வந்த குட்டி. பெயரும் அவர் பெயர்தான். வந்தபோது வயசு இரண்டு சொச்சம். காட்டில் இருந்திருந்தால் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும். ராஜதந்திரம் பார்த்த பெரிய மனிதர்களுக்கு அது உறைக்கவில்லை.

கூட வந்த ஜோடிக் குட்டி சில வருஷத்தில் இறந்துபோனது. அங்கே இருந்த ஆசிய யானைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 2012-ல் தனிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். காலில் சங்கிலி வேறு. 2024 அக்டோபரில் உலக மிருகக்காட்சி சாலைகள் சங்கம் டெல்லியின் உறுப்பினர் அந்தஸ்தை நிறுத்தி வைத்து மானத்தை வாங்கிய பிறகுதான் சங்கிலி அவிழ்ந்தது. 2025 செப்டம்பர் 17-ல் சங்கர் செத்துப்போனான். வயசு 29. வைரஸ் என்றது பரிசோதனை. சரி, செத்ததற்கு வைரஸ் காரணமாகவே இருக்கட்டும். வாழ்ந்த விதத்துக்கு யார் காரணம்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது! தகுந்த காரணம் இல்லாமல் எந்த விலங்கையும் ஒரு வருஷத்துக்கு மேல் ஜோடியில்லாமல் வைக்கக் கூடாது என்கின்றன மிருகக்காட்சி சாலை விதிகள். யானைகளை மிருகக்காட்சி சாலைகளிலிருந்து யானை முகாம்களுக்கு மாற்றுங்கள் என்று மத்திய ஆணையமே 2009 நவம்பரில் உத்தரவு போட்டது. உத்தரவு ஃபைலில் இருந்தது. யானை கொட்டகையில் இருந்தது.

யானைக்கு சோறும் வைத்தியமும் கிடைக்கிறதே, அப்புறம் என்ன குறை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 4,500-க்கும் மேற்பட்ட பெண் யானைகளின் ஆயுளை ஒப்பிட்டு 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் பிறந்த ஆப்பிரிக்க யானையின் ஆயுள் சுமார் 17 வருஷம். கென்யாவின் அம்போசெலி காட்டில் 56 வருஷம். மனிதர்கள் கொன்ற யானைகளையும் சேர்த்துக்கொண்டால்கூட காட்டுக் கணக்கு 36-க்குக் குறையவில்லை. அதாவது, துப்பாக்கிக்காரன் நடமாடும் காட்டைவிட டாக்டர் இருக்கும் கூண்டு ஆபத்தானது!

“குழந்தைகள் விலங்குகளைப் பார்க்க வேண்டாமா சார்?” பார்க்கட்டும். ஆனால் எதைப் பார்க்கிறார்கள்? யானை நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடினால் ‘டான்ஸ் ஆடுது பார்’ என்று காட்டுகிறோம். புலி கம்பியோரமாக ஒரே தடத்தில் நூறு தடவை நடந்தால் ‘வாக்கிங் போகுது’ என்கிறோம். அதெல்லாம் மனசு நொந்ததன் அறிகுறி என்று விலங்கியல் படித்தவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நோயாளியைக் காட்டி இயற்கைப் பாடம் நடத்துகிறோம்.

அழியும் இனங்களைக் காப்பாற்றவில்லையா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். 1972-ல் காட்டில் அடியோடு அழிந்துபோன அரேபிய ஓரிக்ஸ் மான், மிருகக்காட்சி சாலைகளில் பெருக்கப்பட்டு 1982-ல் ஓமன் பாலைவனத்துக்குத் திரும்பியது. கைதட்டுவோம். அங்கே மந்தை இருந்தது, திட்டம் இருந்தது, ஒருநாள் கதவு திறக்கும் என்ற உத்தேசம் இருந்தது. சங்கருக்கு இதில் எது இருந்தது? ஒற்றை யானையை வைத்து எந்த இனத்தைக் காப்பாற்றினோம்?

பாம்பு, ஆமை, மான் எல்லாவற்றையும் நாளைக்கே திறந்துவிடச் சொல்லவில்லை. நாள் முழுக்க நடக்கிற, கூட்டமாக வாழ்கிற யானையைக் கொட்டகையில் வைக்காதே என்று அரசாங்கமே போட்ட உத்தரவை அரசாங்கம் மதிக்கட்டும், போதும்.

சங்கர் உயிரோடு இருந்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து அவனுக்கு ஒரு ஜோடி கொண்டுவரலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கைதிக்குத் துணையாக இன்னொரு கைதி! இப்போது கொட்டகை காலி. காலியாகவே இருக்கட்டும். தலைவர்கள் பிரியத்தைக் காட்ட பொன்னாடை இருக்கிறது, பூங்கொத்து இருக்கிறது. தாயிடமிருந்து பிரித்த குட்டியை இனி எவர் நீட்டினாலும், ‘வேண்டாம், நன்றி’ என்று சொல்லிப் பழகுவோம்.