கூழைக்கடாக்களுக்குக் கணக்கு உண்டு

அண்மையில் ஒரு சிற்றிதழில் வடகிரேக்கத்தின் ப்ரெஸ்பா ஏரிக்கரை ஊரான ப்சராதெஸைப் பற்றிய பயணக் கட்டுரையை வாசித்தேன். நல்ல நடைதான். மூடுபனி இருந்தது, கல்வீடுகள் இருந்தன, சிறிய உடலும் குட்டைக் கொம்பும் கொண்ட அந்த வட்டாரத்து மாடுகள்கூட இருந்தன. படகுத்துறையில் இரண்டு மூதாட்டிகள் 'கிரேக்க மொழியின் ஏதோ ஒரு வட்டார வழக்கில்' பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டதாக ஒரு வரியும் இருந்தது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விடுவதால் இத்தகைய ஊர்கள் இயல்பாகவே தேய்ந்துபோகின்றன என்ற பெருமூச்சுடன் கட்டுரை முடிந்தது.

அந்த 'இயல்பாகவே' என்ற சொல்லை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அவ்வூருக்குச் சென்றவனல்லன், தமிழ் கற்பிப்பவன். நூல்களின் வழியாக மட்டுமே பால்கன் நிலத்தை அறிவேன். ஆயினும் ஓர் ஊரின் வெறுமையை நிலக்காட்சியாக மாற்றிவிடும் எழுத்துமுறையை நான் நன்கு அறிவேன். நம் இலக்கியச் சூழலில் அதற்கு நிறையவே கைதட்டல் கிடைக்கிறது.

முதலில் ஊரின் பெயர். ப்சராதெஸ் என்றால் கிரேக்கத்தில் 'மீனவர்கள்' என்று பொருள். பெரிய ப்ரெஸ்பா ஏரியின் கிரேக்கக் கரையில் உள்ள ஒரே ஊர் அது. 1920களின் பிற்பகுதிவரை அதன் பெயர் நிவிட்சி; கிரேக்க ஆவணங்களில் நிவிட்சா. 1926இல் தொடங்கிய ஊர்ப்பெயர் மாற்றத்தில் மாகதோனியாவின் ஸ்லாவியப் பெயர்கள் கூட்டங்கூட்டமாக நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. அருகிலிருந்த வினெனி, பிலி ஆனது. க்ராஷ்தெனோ, வ்ரொந்தெரோ ஆனது. நிவிட்சிக்கு வந்த பெயரைப் பாருங்கள். ஏரிக்கரையில் வாழ்பவர்கள் மீன்பிடிப்பவர்கள், ஆகவே ஊரின் பெயர் 'மீனவர்கள்'. உலகின் எந்த ஏரிக்கரைக்கும் வைக்கக்கூடிய பெயர். வரலாறு உள்ள ஒரு பெயரை எடுத்துவிட்டுத் தொழில் ஒன்றை அங்கே ஒட்டிவைத்தார்கள். நம் கட்டுரையாளரோ 'மீனவர்களின் ஊர், பெயரிலேயே ஏரி மணக்கிறது' என்று வியந்து எழுதுகிறார்.

வரலாற்றில் இந்த ஏரிப்பகுதி ஒதுக்குப்புறமாக இருந்ததில்லை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சாமுவேல் மன்னன் லாரிசா நகரைக் கைப்பற்றி, அங்கிருந்து புனித அகிலியோஸின் எச்சங்களைக் கொண்டுவந்து சிறிய ப்ரெஸ்பாவின் தீவொன்றில் பேராலயம் எழுப்பினான். அதன் இடிபாடு இன்றும் நிற்கிறது. ப்சராதெஸுக்கு அருகே ஏரிமுகப் பாறைகளில் துறவிகள் தீட்டிய பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. பிறகு நெடுங்காலம் உஸ்மானிய ஆட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் இம்மக்களை எண்ணும் வெறி தொடங்கியது. 1900இல் பல்கேரியப் புவியியலாளர் வசில் கஞ்சோவ் ஊர் ஊராகக் கணக்கு வெளியிட்டார். ஸ்லாவிய மொழி பேசிய கிறித்தவர்கள் எல்லாரும் அவருக்குப் பல்கேரியர்கள். கிரேக்கத் தரப்பு, எந்தத் திருச்சபைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று பார்த்து அவர்களில் ஒரு பகுதியினரைக் கிரேக்கர் ஆக்கியது. செர்பிய வரைபடங்களுக்கு வேறு நிறம். 1913இல் புகாரெஸ்ட் உடன்படிக்கை இப்பகுதியைக் கிரேக்கத்திடம் சேர்த்ததும் நிலைமை தலைகீழானது. அதுவரை ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவாறு எண்ணிய மக்களை இனி எப்படி எண்ணாமல் இருப்பது என்பதே பிரச்சினை ஆயிற்று.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இலக்கிய வாசகர்களுக்கு அது பிடிக்கும் என்பதால் சற்று நிற்கிறேன். 1925இல் ஏதென்ஸில் ஓர் அரிச்சுவடி அச்சாயிற்று. பெயர் 'அபெசெதார்'. வடகிரேக்கத்து ஸ்லாவிய மொழிக் குழந்தைகளுக்காக, ஃப்ளோரினா வட்டாரப் பேச்சை அடிப்படையாகக் கொண்டு, கிரேக்க எழுத்தோ சிரிலிக் எழுத்தோ இன்றி இலத்தீன் எழுத்தில், கிரேக்க அரசே அச்சிட்டது. உலக நாடுகளின் சங்கத்திற்குச் சிறுபான்மையினர் பற்றிப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி அப்போது அரசுக்கு இருந்தது. பல்கேரியா எதிர்த்தது, செர்பியத் தரப்பு எதிர்த்தது. புத்தகம் எந்த வகுப்பறையிலும் திறக்கப்படவில்லை. குழந்தைக்கு அதன் தாய்மொழியில் முதல் எழுத்தைச் சொல்லித்தர ஒரு புத்தகம் அச்சாகி, ஒரு குழந்தையின் கையையும் சேராமல் போவது என்பது எனக்கு எந்தப் படுகொலைச் செய்தியைவிடவும் குறைந்த செய்தியாகப் படவில்லை. 2006இல் அதற்கு ஒரு மறுபதிப்பு வந்தது.

1936இல் மெடாக்ஸாஸ் சர்வாதிகாரம் வந்ததும் அம்மொழியைப் பேசுவதே குற்றமானது. சந்தையில், வீதியில், வீட்டுக்குள்ளும் பேசக் கூடாது. அபராதம், சிறை, சிலருக்கு வாயில் விளக்கெண்ணெய் ஊற்றப்பட்டது. பின்னர் உள்நாட்டுப் போர். 1946 முதல் 1949 வரை ப்ரெஸ்பா, விட்சி, க்ராமோஸ் மலைகளே கம்யூனிஸ்டுகளின் ஜனநாயகப் படைக்குத் தளம். பள்ளியும் மொழியும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அப்படையில் பெருமளவில் சேர்ந்தவர்கள் இந்த ஸ்லாவிய மக்கள். வ்ரொந்தெரோ அருகே ஒரு குகையில் படையின் மருத்துவமனை நடந்தது. 1948இல் வடகிரேக்கத்திலிருந்து 25,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கம்யூனிஸ்டுகள் எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். அரசி ஃப்ரெடெரிக்காவின் பெயரால் அரசுத் தரப்பு தன் பங்குக்குக் குழந்தைகளை முகாம்களில் சேர்த்தது. எது காப்பாற்றல், எது கடத்தல் என்று இன்றும் சண்டையிடுகிறார்கள். எந்தத் தரப்பும் அந்தத் தாய்களுக்கு அமைதியாக யோசிக்க அவகாசம் தரவில்லை என்பதே என் கருத்து. 1949 ஆகஸ்டில் விட்சி வீழ்ந்தபோது, இரு ப்ரெஸ்பா ஏரிகளுக்கும் இடையிலுள்ள குறுகிய நிலத்துண்டு வழியே, குண்டுவீச்சுக்கு நடுவே, எஞ்சியவர்கள் அல்பேனியாவுக்குள் ஓடினார்கள். பிறகு தாஷ்கந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஸ்கோப்யே, டொரொண்டோ.

இப்போது சொல்லுங்கள், அந்த ஊர்கள் 'இயல்பாகவே' தேய்ந்தனவா? ஓடியவர்களின் குடியுரிமையைப் பறிக்க 1947ஆம் ஆண்டின் ஆணை ஆயத்தமாக இருந்தது. 1950களில் வெறிச்சோடிய வீடுகளில் விளாக் மேய்ப்பர்களை அரசு கொண்டுவந்து குடியமர்த்தியது. பகுதி முழுவதும் கண்காணிப்பு வலயம். உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். 1982 டிசம்பரில் அகதிகள் திரும்பலாம் என்று பாப்பாண்ட்ரியு அரசு அறிவித்தபோது ஒரு நிபந்தனை இருந்தது: அவர்கள் 'இனத்தால் கிரேக்கர்கள்' ஆக இருக்க வேண்டும். ஒரே அகழியில் படுத்திருந்த இருவரில் ஒருவர் வீடு திரும்பலாம், மற்றவர் திரும்ப முடியாது. நகரத்து வேலை இளைஞர்களை இழுத்தது உண்மைதான், மறுக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் ப்ரெஸ்பெஸ் நகராட்சிப் பகுதி முழுவதற்குமே 1,560 பேர்தான். ஆனால் அந்த எண்ணின் பெரும்பகுதி 1949லேயே எழுதப்பட்டுவிட்டது.

அந்த 1,560 பேரில் எத்தனை பேரின் வீட்டு மொழி ஸ்லாவியம்? அரசின் ஆவணத்தில் விடை இல்லை. 1928 கணக்கெடுப்பு நாடு முழுவதிலும் ஸ்லாவிய மாகதோனிய மொழி பேசுவோர் 81,984 பேர் என்றது. 1951இல் 41,017. அதற்குப் பிறகு மொழிவாரி எண்ணிக்கை எதுவும் வெளியிடப்படவில்லை. கிரேக்கம் அதிகாரபூர்வமாக ஏற்கும் ஒரே சிறுபான்மை, 1923 லோசான் உடன்படிக்கையின்படி திரேஸ் பகுதியின் முஸ்லிம்கள்.

அதே ஏரியில் கூழைக்கடாக்களுக்குக் கணக்கு உண்டு. சிறிய ப்ரெஸ்பாவில் உலகிலேயே மிகப் பெரிய டால்மேஷியக் கூழைக்கடாக் குடியிருப்பு உள்ளது. இணை இணையாக எண்ணுகிறார்கள். 2022இன் தொடக்கத்தில் பறவைக் காய்ச்சலால் கிரேக்கத்தில் 1,700க்கும் மேற்பட்டவை மடிந்தபோது உலகப் பத்திரிகைகள் பதறின. பதற வேண்டியதுதான். 1991 முதல் அங்கே உழைக்கும் ப்ரெஸ்பா பாதுகாப்புக் கழகத்தார்மேல் எனக்கு மதிப்புண்டு. 1974இல் தேசியப் பூங்காவாகவும், 2000இல் மூன்று நாடுகளின் பொதுப் பூங்காவாகவும் அந்த ஏரி அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் எந்தப் பறவை எந்த நாணலில் எத்தனை முட்டை இட்டது என்று அறிந்த ஓர் அரசு, கரையில் உள்ளவள் தன் பேரனை எந்த மொழியில் கொஞ்சுகிறாள் என்று எழுபது ஆண்டுகளாகக் கேட்கவில்லை என்றால் அது மறதியாக இருக்க முடியாது.

2018 ஜூன் 17 அன்று உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் ப்சராதெஸுக்கு வந்தன. பெயர்ச் சிக்கலைத் தீர்க்கும் ப்ரெஸ்பா ஒப்பந்தத்தில் கோட்ஸியாஸும் திமித்ரோவும் அங்கேதான், சிப்ராஸும் ஸாயெவும் பார்த்திருக்கக் கையெழுத்திட்டார்கள். பக்கத்து நாடு வட மாகதோனியா ஆயிற்று. மாகதோனிய மொழி என்ற பெயரையும் கிரேக்கம் ஏற்றது; 1977இல் ஏதென்ஸில் நடந்த ஐ.நா. மாநாடு ஒன்று ஏற்கெனவே அங்கீகரித்த மொழி அது என்று ஒப்பந்தமே சொல்கிறது. நம் இதழ்களில் இதைச் சமாதானத்தின் முன்மாதிரி என்று எழுதினார்கள். போரைத் தவிர்க்கும் எந்தத் தாளையும் நான் இகழ மாட்டேன். ஆனால் இருபது பிரிவுகள் கொண்ட அந்தத் தாளில், கிரேக்கத்துக்குள் அம்மொழி பேசுவோர் பற்றி எதுவும் இல்லை. ஒரு நாட்டின் பெயரைப் பற்றிப் பேசுவதற்குப் பெயர் பறிக்கப்பட்ட ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வூரின் பெயரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. அம்மக்களில் பலர் தம்மை 'தோப்பி', அதாவது உள்ளூர்க்காரர் என்றே அழைக்கிறார்கள். உளமாரக் கிரேக்கராக வாழ்பவர்கள் ஏராளம். அவர்களை வெளியிலிருந்து சிறுபான்மை என்று முத்திரை குத்த நீ யார் என்பது. இக்கேள்வியை ஆய்வாகவே எழுதிய மானிடவியலாளர் அனஸ்தாசியா கரகாசிடு. மாகதோனிய ஊர் ஒன்று கிரேக்கத் தன்மை பெற்ற கதை அது. வன்முறைக்கு அஞ்சி கேம்ப்ரிட்ஜ் பதிப்பகம் அதை வெளியிட மறுத்தது. 1997இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. எண்ணுவதும் தூய செயல் அன்று. அதே பெரிய ப்ரெஸ்பாவின் அல்பேனியக் கரையில் மாகதோனியர்களின் புஸ்டெட்ஸ் இருக்கிறது. 1973இல் லிசெனாஸ் என்று மாற்றப்பட்ட ஊர், 2013இல் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. அங்கே அரசு கேட்கிறது, எண்ணுகிறது. 2011இல் அல்பேனியா முழுவதும் 5,512 மாகதோனியர், 2023இல் 2,281. அதே 2023 கணக்கில் 7,057 பல்கேரியர். ஐரோப்பிய ஒன்றியத்தின் கடவுச்சீட்டு பல்கேரியாவிடம் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

ஆகவே எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. புஸ்டெட்ஸ்காரர் கேட்கப்படுகிறார், பொய் சொல்லலாம், பேரம் பேசலாம், மனம் மாறலாம், 'நான் எதுவும் இல்லை' என்றும் சொல்லலாம். நிவிட்சிக்காரருக்கு அந்தப் படிவமே வந்து சேருவதில்லை. 'தோப்பி' என்பது மகிழ்ச்சியுடன் தேர்ந்த பெயரா, அச்சத்தின் எச்சமா என்று அவர் வாயால் கேட்காமல் அவர் சார்பாக அரசும் சொல்லக்கூடாது, ஸ்கோப்யேயும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது.

பயணக் கட்டுரையாளரிடம் எனக்கு ஒரே கேள்விதான். படகுத்துறையில் அந்த மூதாட்டிகள் பேசியது கிரேக்கத்தின் வட்டார வழக்கு என்று அவருக்கு யார் சொன்னது? அவர்களிடமே கேட்டாரா?